தண்ணி இருக்கு

என் கையெழுத்து வடிவானது என்பதில் இதுவரை ஒருவருக்கும் சந்தேகம் வந்ததில்லை. எங்கள் பள்ளிக்கூட ஆய்வுகூடத்திலுள்ள முந்நூற்றுப் பத்துப் போத்தல்களிலும் நான் எழுதிய பெயர்தான் ஒட்டியிருக்கிறது. ஆகவே விசாரணைக் குழுவினராகிய நீங்கள் இக்கடிதத்தை வாசிக்கச் சிரமப்படமாட்டீர்கள்.

என் பெயர் மகாதேவி. கொடிகாமத்துக்குக் கிட்ட இருக்கும் அந்தப் பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக ஆய்வுகூட உதவியாளர். மாசி பதினெட்டாம் திகதி உயர்தர வகுப்பில் நடந்த விபத்தில் மாணவி தனுசியாவின் வலக்கண் போய்விட்டது. அதற்காக இரசாயனவியல் ஆசிரியை செல்வி றஜிதாவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். உங்கள் அறிக்கையில் சில பிழைகள் உண்டு. ஒழுங்காகச் சொல்கிறேன்.

செப்பு சல்பேற்று பயங்கரமான பொருளல்ல. தோட்டக்காரர் மயில்துத்தம் என்று வாங்கிச் சுண்ணாம்போடு கலந்து கொடிகளுக்கு அடிப்பதும் இதுதான். ஆனால் அதற்குரிய மரியாதையைக் கொடுக்க வேண்டும். வெறுங்கையால் அள்ளக் கூடாது. மிச்சக் கரைசலைக் கிணற்றடியில் ஊற்றக் கூடாது. கண்ணில் பட்டால் அந்த இடத்திலேயே ஓடுகிற தண்ணீரில் கால் மணித்தியாலம் கழுவ வேண்டும். இதையெல்லாம் எழுதிச் சுவரில் ஒட்டியவளும் நான்தான்.

அதனால் எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. அடுப்பு மூட்டுமுன் ஆசிரியர் என்னிடம் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்பார். "தண்ணி இருக்கு" என்று நான் சொன்ன பிறகே நெருப்புக்குச்சி உரசுவார்கள். கூரையிலுள்ள தாங்கிக்கு மோட்டர் போட்டு நிரப்புவது என் பொறுப்பு. ஆரம்பத்தில் பைப்பைத் திறந்தும் பார்த்தார்கள். பிறகு என் சொல்லே போதும் என்றாகிவிட்டது.

தனுசியா ஒன்பதாம் வகுப்பிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் என்னிடம் வந்துவிடுவாள். தாய் சந்தையில் மரக்கறி விற்பவர், வர நேரமாகும். எனக்கும் வீட்டில் காத்திருக்க ஒருவருமில்லை. போத்தல் துடைப்பாள், பெயர் எழுதப் பழகுவாள். ஒருநாள் நீலப் பளிங்குகளைச் சூடாக்கி வெள்ளைத் தூளாக்கிக் காட்டினேன். அதில் ஒரு துளி தண்ணீர் விட்டதும் நீலம் திரும்பி வந்தது. "பாத்தியளே அன்ரி, அது தன்ரை நிறத்தை மறக்கேல்லை" என்றாள். அன்றைய திகதியைப் போட்டு அந்த வசனத்தை எழுதி வைத்தேன். இன்னும் இருக்கிறது.

போன வருடம் குருநகரிலிருந்து றஜிதா வந்தார். நன்றாகப் படிப்பிப்பார், அதை நான் மறுக்கவில்லை. இடைவேளையில் றோல்ஸ் வாங்கிப் பிள்ளைகளோடு பகிர்ந்து சாப்பிடுவார். என்னையும் கூப்பிட்டார். நான் போகவில்லை.

"மகாதேவியக்கா சிரிச்சா போத்தலெல்லாம் வெடிச்சிடும் எண்டு பயப்பிடுறா" என்றார் ஒருநாள்.

பகிடிதான். எல்லோரும் சிரித்தார்கள். தனுசியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அதற்குப் பிறகு மாலையில் அவள் ஆசிரியர் அறைப் பக்கம் போகத் தொடங்கினாள். அதையும் பொறுத்துக்கொண்டேன். மாசி பத்தாம் திகதி றஜிதா அதே சோதனையை வகுப்பில் செய்து காட்டினார். நீலம் திரும்பியது. "மிஸ், அது தன்ரை நிறத்தை மறக்கேல்லை" என்றாள் தனுசியா. உனக்கு எப்படிப் பிள்ளை இப்படியெல்லாம் கதைக்க வருகிறது என்று றஜிதா அவள் தோளில் தட்டினார். நான் இரண்டு எட்டுத் தள்ளி நின்று சோதனைக் குழாய்கள் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த கிழமை பிள்ளைகள் தாங்களே அதைச் செய்வதாக இருந்தது. முதல்நாள் பின்னேரம் தாங்கித் தண்ணீர் முழுவதையும் வளவிலுள்ள கொய்யா மரத்துக்குத் திறந்துவிட்டேன். பாதுகாப்புக் கண்ணாடிகளைக் கழுவி ஈரத்தோடு அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். காலையில் அவை காயவில்லை என்றேன். அப்படியானால் நாளைக்குச் செய்வோம் என்றார் றஜிதா. நாளைக்கு ஆய்வுகூடத்தை வேறு வகுப்புக்குக் கொடுத்தாயிற்று என்றேன். சரி, கண்ணாடி இல்லாமலே செய்வோம் என்றார். பிறகு வழக்கம்போலக் கேட்டார்.

"தண்ணி இருக்கே, அக்கா?"

"தண்ணி இருக்கு."

சோதனைக் குழாயை நகத்தால் தட்டிப் பார்த்துத்தான் நான் கொடுப்பது. நல்ல குழாய் மணிபோலச் சத்தமிடும். மயிர்போல வெடிப்பு இருந்தால் சத்தம் மங்கும். மங்கியதை எறிந்துவிடுவேன். அன்று ஒன்றை எறியவில்லை.

அது வெடித்தபோது பிள்ளைகள் பைப்பைத் திறந்தார்கள். காற்றுத்தான் வந்தது. றஜிதா தனுசியாவைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினார். ஆய்வுகூட வாசலிலிருந்து கிணற்றுக்கு நூற்று நாற்பது எட்டு வைக்க வேண்டும். முதல்நாள் எண்ணிப் பார்த்திருந்தேன். எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போனபின் மோட்டரைப் போட்டேன். அதிபர் வந்து பைப்பைத் திறந்தபோது தண்ணீர் நன்றாக ஓடியது. பதற்றத்தில் பைப்பைச் சரியாகத் திறக்கவில்லை என்று நீங்கள் அறிக்கையில் எழுதியது அதனால்தான். அது உங்கள் பிழையல்ல.

றஜிதாவுக்கு இடமாற்றம் கிடைத்தால் போதும் என்றுதான் நினைத்தேன். யாருடைய கையில் வெடிக்கும் என்று நினைக்கவில்லை. இவ்வளவு நாளும் எனக்கு நானே இப்படித்தான் சொல்லிவந்தேன்.

இப்போது பின்னேரங்களில் தனுசியா வீட்டுக்குப் போகிறேன். மற்றக் கண்ணுக்கும் வேலை கொடுக்கக் கூடாதென்று வைத்தியர் சொல்லியிருப்பதால் பாடங்களை வாசித்துக் காட்டுகிறேன். தாய் என் கையைப் பிடித்து அழுவார். போன ஞாயிற்றுக்கிழமை தனுசியா என்னிடம் ஒன்று கேட்டாள்.

"அன்ரி, நான் சொல்லச் சொல்ல ஒரு கடிதம் எழுதுவியளே? உங்கடை எழுத்துத்தானே வடிவு."

எழுதினேன். உங்களுக்குத்தான். "மிஸ்ஸில ஒரு பிழையும் இல்லை. அவ சரியாத்தான் சொல்லித் தந்தவ. நான்தான் குழாயை நிமித்திப் பிடிச்சனான்." தடவித் தடவிக் கையெழுத்து வைத்தாள். அந்தக் கடிதம் என் அலுமாரியில் இருக்கிறது. அதை நான் அனுப்பமாட்டேன்.

குழாயை நிமிர்த்திப் பிடித்தால் ஆவி நீராகித் திரும்பி வழிந்து சூடான கண்ணாடியை வெடிக்க வைக்கும்; அவள் சரித்துத்தான் பிடித்திருந்தாள். அவளை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றபடியால் எனக்குத் தெரியும். ஒரு கண் போன பிறகும், இல்லாத பிழையை எடுத்து றஜிதாவுக்காகத் தன்மேல் போட்டுக்கொள்கிறாள். எனக்காக அவள் ஒரு பொய்யும் சொன்னதில்லை. சோதனைச் சாமான்களை எடுத்து வைக்கும் ஒவ்வொரு பிள்ளையின் தட்டிலும் நான் எழுதிய பெயர் உண்டு. மங்கிய குழாயைத் தனுசியா என்று எழுதிய தட்டில் வைத்தவள் நான். அந்தப் பிழை எனக்கும் அவளுக்கும் நடுவிலுள்ளது. அதில் றஜிதாவுக்கு இடமில்லை.

ஒரு வேண்டுகோள். இக்கடிதத்தின் பிரதியைத் தனுசியாவுக்கு அனுப்ப வேண்டாம். பின்னேரம் நானே போய் வாசித்துக் காட்டுவேன். அவளுக்கு வாசிப்பது என் வேலை.