நூறு வரும்வரை

தினமும் ஆறு மணிக்கு எழுகிறேன். பால் காய்ச்சி இரண்டு டம்ளரில் ஊற்றுகிறேன். அத்தைக்குச் சர்க்கரை இல்லாமல், எனக்கு ஒரு கரண்டி. மாத்திரையை வாயில் போடும் முன் அத்தை தினமும் ஒன்றையே சொல்கிறார்: "அவ சொல்லிட்டுப் போன மாதிரியே என்னைப் பாத்துக்கிறீங்க, மாப்பிள்ளை." நான் பாத்திரம் கழுவப் போய்விடுகிறேன்.

மச்சான், உங்கள் தங்கைக்கு வலி எப்போது ஆரம்பித்தது என்று மூன்று முறை கேட்டீர்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதற்குப் பத்து நிமிடம் முன்பு என்றேன். டாக்டரிடமும் அதையே சொன்னேன். அது சரியில்லை. சரியான நேரங்கள் என் கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கின்றன.

அன்று ஞாயிறு. எங்கள் படங்கள் இருந்த பழைய டிஸ்க் பழுதாகிப் பாதி போனதிலிருந்து, ஏதாவது செய்யுங்கள் என்று அவள் நச்சரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு புது எஸ்.எஸ்.டி. டிஸ்க் வாங்கினேன். என் கம்ப்யூட்டரில் ஓடும் லினக்ஸில், ரெய்டு என்ற முறையில் இரண்டையும் சேர்த்தால், ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே எழுதப்படும். ஒன்று செத்தாலும் மற்றது இருக்கும். சொன்னதும் சிரித்தாள். எனக்கும் ஒரு ஸ்பேர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பழுதானால் மாற்றிக்கொள்ளலாம் என்றாள்.

9:12க்குக் கட்டளையைக் கொடுத்தேன். இரண்டும் ஒன்றுபோல் ஆக ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். திரையில் சதவீதம் ஏறிக்கொண்டே இருக்கும். இருபதைத் தாண்டியபோது கதவருகே வந்தாள். நெஞ்சை அடைக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டாள். வாயுவாக இருக்கும், வெந்நீர் குடி, நூறு வந்ததும் போகலாம் என்றேன். கோபமாகச் சொல்லவில்லை. தலையைத் திருப்பவும் இல்லை. அவள் பக்கத்து அறையில் சோபாவில் போய்ப் படுத்தாள். நாற்பதில் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. அறுபதில் கூப்பிட்டாள். இதோ என்றேன்.

பாதியில் விட்டால் எல்லாம் கெட்டுவிடும் என்று பயந்ததாகத்தான் இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது நான் பக்கத்தில் இல்லாமலே ஓடும். கம்ப்யூட்டரை முறைப்படி அணைத்துவிட்டுப் போனாலும், மறுபடி போட்டதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆபீசில் புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவனே நான்தான். நூறு வருவதைப் பார்க்க ஆசையாக இருந்தது. அவ்வளவுதான்.

10:24க்கு நூறு வந்தது. படங்களை அதில் ஏற்றப் போட்டேன், அவள் கேட்டதுதானே என்று. முதல் சில படங்கள் சரியாகத் திறக்கின்றனவா என்றும் பார்த்தேன். பிறகுதான் எழுந்தேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது 10:31க்கு. அவளுக்குக் கண் திறந்திருந்தது. கை குளிர்ந்திருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டார். "அம்மாவைப் பாத்துக்கோங்கன்னு சொன்னா" என்றேன். யோசிக்காமல் வாயில் வந்தது. அத்தை இன்று அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடு இருக்கிறார். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லி அழுகிறார். நான் தலையைக் குனிந்துகொள்கிறேன். துக்கம் என்று நினைக்கிறார்கள்.

இதை அவரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும், மச்சான். எந்த முகத்தோடு நான் சொல்வேன்? படங்கள் பத்திரமாக இருக்கின்றன, இரண்டிலும்.

தொண்ணூற்றொன்றில் சோபாவிலிருந்து ஒரு முறை அவள் குரல் வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு, பணிவாகக் கேட்டாள்:

"இப்ப எத்தனை பர்சன்ட் ஆச்சுங்க?"