வீட்டில் வேறு யாருக்கும் உண்டா?

காரைக்குடி ஆஸ்பத்திரியில் குழந்தையோடு காத்திருந்தேன். பக்கத்தில் இருந்த நர்ஸின் மேசைக்கு, நான்கு நாளாகத் தூங்காத மகளை ஒரு தம்பதி கூட்டி வந்திருந்தார்கள். கேட்கக் கூடாதுதான், காதில் விழுந்தது.

“வீட்டுல வேற யாருக்கும் மனநோய் உண்டாய்யா?” என்றார் நர்ஸ்.

“எங்க வழியில ஒருத்தருக்கும் கிடையாது,” என்றார் அப்பா.

“ஒங்க அத்தை தனியாப் பேசுவாகளே?” என்றார் மனைவி.

“அது பேய் பிடிச்சது. மனநோயில சேராது.”

“ஒங்க சித்தப்பா, சோத்துல விசம் இருக்குன்னு மோந்து பாப்பாகளே?”

“அவுக கோர்ட்டு குமாஸ்தா. சந்தேகம் தொழிலோட வந்தது.”

நர்ஸ் பேனாவை எடுக்கவில்லை. “ஒரே குடும்பத்துல ஆளுக்கு ஒரு மாதிரி வரும்யா. வேரு ஒண்ணா இருக்கலாம். மறைச்சீகன்னா மருந்து முடிவு பண்ணச் செரமம்.”

“எழுதிட்டா இவளை யாரு பொண்ணு கேட்டு வருவா?” என்றார் அப்பா.

மகள் அவரைப் பார்த்தாள். “அப்ப நம்ம வீட்டுல எனக்கு மட்டுந்தானாப்பா இப்படி?”

அவர் நர்ஸின் பக்கம் திரும்பி, “அத்தையில இருந்து எழுதிக்கங்க,” என்றார்.