இடது பக்கம் திரும்பாத வண்டி

"ஹலோ... ஆங், நான்தான், கொத்தனார் பேசுறேன்... எத்தனை தடவைய்யா அடிக்கிறது? இந்தக் காலத்து ஆளுங்க எல்லாருமே ஒரே அச்சு. வேலை கைக்கு வர்ற வரைக்கும் ஐயா ஐயான்னு குழையிறது. வண்டியை வாசல்ல இறக்கி விட்டாச்சுன்னா, மணி அடிச்சா காதுல பஞ்சு... என்னது? வண்டிக்கு அடியில படுத்திருந்தியா? சரி சரி. எழுந்து உக்காந்து கேளு."

பெரியவர் போனை இடது காதிலிருந்து வலது காதுக்கு மாற்றினார். வாசலில் அவருடைய பெரிய மோட்டார் சைக்கிள், நெடுந்தூரம் போவதற்கென்றே செய்தது, இப்போது பின்னால் ஒன்றுக்கு இரண்டு சக்கரத்தோடு, சினை எருமை மாதிரி அகலமாக நின்றது. இடுப்பு மூட்டு மாற்றியதிலிருந்து அவரால் ஒரு காலைச் சரியாக ஊன்ற முடியவில்லை. ஒரு சிக்னலில் வண்டி சாய, பின்னால் இருந்த மனைவியையும் இழுத்துக்கொண்டு நடுரோட்டில் விழுந்தார். மகள் அன்றைக்கே சொல்லிவிட்டாள்: மூன்று சக்கரமாக்கு, இல்லையென்றால் விற்றுவிடு. மருமகன் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்தார். நேற்று சாயங்காலம் வேலை முடிந்தது. இன்று காலை முதல் ஓட்டத்திலேயே, தெருமுனை வளைவில், வண்டி யார் வீட்டுச் செடிவேலிக்குள்ளோ தலையை நுழைத்துவிட்டது. மகளுக்கு இது தெரிந்தால் வண்டி இருட்டுவதற்குள் கைமாறிவிடும்.

"இடது பக்கம் திருப்பினா வலது பக்கம் போகுதுய்யா உன் வண்டி! ... ஆமாம், இடது. எனக்கு சோத்துக்கை எது, பீச்சாங்கை எதுன்னு தெரியாதா? ... ஆமாம்... ஆமாம்... வேலிக்குள்ளதான். அடி ஒண்ணும் இல்லை. மூஞ்சியில நாலு கீறல். வண்டிக்கு அதுகூட இல்லை... பொருத்தினது கோணலான்னு என்னையே கேக்குறியா? பாக்காம இருப்பேனா? ஆயுசு முழுக்கச் சுவர் எழுப்பினவன்டா நான். அச்சு மேல ரசமட்டம் வெச்சேன். முன் சக்கரத்துலேர்ந்து பின்னாடி ரெண்டுக்கும் நூல் புடிச்சேன். மயிரிழை பிசகலை... சந்தோஷப்படாதே! அதான்யா எனக்குச் சந்தேகம். எல்லாம் இவ்வளவு சுத்தமா இருந்தா வண்டி ஏன் கோணிக்கிட்டுப் போகுது? தப்பு பண்ணவன்தான் இடத்தை இவ்வளவு சுத்தமா பெருக்கி வெப்பான்."

மனைவி வாசற்படியில் உட்கார்ந்து, வண்டியின் முன்கண்ணாடியிலிருந்து எடுத்த இலைகளை முறத்தில் சேர்த்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிச் சிரிக்கிறாளோ என்று பெரியவருக்கு அதிலும் சந்தேகம்.

"காத்தா? அடிச்சிருக்கு. பின்னாடி ரெண்டு சக்கரத்துலயும் சமமா... ஹேண்டில் ஆட்டமா? கொஞ்சம் ஆடுச்சு, மெதுவா போறப்ப. அதை நீ வந்து முடுக்கணும்... இன்னொண்ணு. நிறுத்துறப்ப காலைக் கீழ வெச்சேன், பின் சக்கரம் செருப்பு மேல ஏறிடுச்சு. என் காலைத் தேடி வந்து ஏறுதுய்யா! ... வைக்கக் கூடாதா? அப்ப காலை எங்க வைக்கிறது, தோள்லயா? ... கால் வைக்கிற பலகை மேலயே? வண்டி நிக்கும்போதும்? விழாதா? ... சரி, விழாது. விழாது. அதுக்குத்தான் மாட்டினோம், தெரியும்."

மெக்கானிக் ஏதோ நீளமாகக் கேட்டான். பெரியவரின் புருவம் மேலேறியது.

"எந்தக் கையைத் தள்ளினேனா? ஒரு கையையும் தள்ளலை. ஹேண்டிலைப் புடிச்சுத் தள்ளுறதுக்கு அது என்ன கைவண்டியா? சாஞ்சேன். இடது பக்கம் போகணும்னா இடது பக்கம் சாயணும், அவ்வளவுதான் வித்தை... என்ன, சாயுறேன்னு நினைச்சுக்கிட்டு இடது கையால முன்னாடி தள்ளுறேனா? இத்தனை வருஷமாவா? எனக்கே தெரியாமயா? ... ரெண்டு சக்கரத்துல அப்படித் தள்ளினா இடது பக்கம் சாஞ்சு திரும்பும்... ம்... மூணு சக்கரம் சாயாது, அதனால வலது பக்கம் போயிடும்... ம்... ஏன்டா, ஒரே ஆளு, ஒரே கை, ஒரு சக்கரம் கூடினா திசையே மாறிடுமா? எனக்குக் காது குத்தி ரொம்ப நாளாச்சு தம்பி!"

சட்டென்று அவர் குரல் தணிந்தது. வாசற்படிக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

"இங்க பாரு. உண்மையைச் சொல்லிடு. மாப்பிள்ளை உன்கிட்ட என்ன சொன்னார்? 'கிழவன் ரெண்டு நாள் மல்லுக்கட்டட்டும், பயந்துபோய் அவனே விட்டுடுவான்'னு சொன்னாரா? ... அழாதே, அழாதே. கேட்டேன், அவ்வளவுதான்... இப்பவா? உக்காந்து காட்டணுமா? சரி. உக்காந்துட்டேன். போனைத் தோள்ல இடுக்கிக்கிட்டேன். வளைவு வருதுன்னு நினைச்சுக்கிட்டேன்... இதோ, இடது பக்கம்."

அவருடைய இடது தோள் இறங்கியது. இடது முழங்கை நீண்டது. முன் சக்கரம் முனகிக்கொண்டே வலது பக்கம் பார்த்தது. மனைவி எழுந்து வந்து, நீண்ட முழங்கையை ஒரு விரலால் தட்டிக் காட்டினாள்.

"நீ சும்மா இரு! ... உன்னை இல்லைய்யா, இவளை. ஒண்ணும் ஆகலை. கை கொஞ்சம் வழுக்கிடுச்சு... ரெண்டு சக்கரமே ஓட்டிப் பழகாத ஆளா? கார் மட்டும் ஓட்டுறவங்களா? இருக்கா. இவதான்... இவகிட்ட போனைக் கொடுக்கணுமா? எதுக்கு? என்கிட்டச் சொல்லக் கூடாத ரகசியம் என்ன? ... சரி சரி, இந்தா."

அவர் வண்டியிலிருந்து இறங்கிப் போனை நீட்டினார். அவள் கேட்டாள், தலையாட்டினாள், போனைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு அவருடைய தலைக்கவசத்தை எடுத்துத் தன் தலையில் மாட்டி, முகவாய்க்குக் கீழே வாரை இறுக்கினாள்.

"என்னடா சொன்ன அவகிட்ட? ... ஏய், ஏறாதே! அது கார் இல்லை! ... கியர் தானா மாறும்தான், அதுக்காக? கிளம்பிட்டாய்யா! வாசலைத் தாண்டிட்டா... நேரா போறா. கார் மாதிரி விறைப்பா உக்காந்திருக்கா, சாயவே இல்லை. வேகத்தைக் குறைடி! ... வளைவு வந்துடுச்சு. போச்சு, வேலி..."

அவர் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார். மறுமுனையில் 'ஹலோ ஹலோ' என்று இரைந்திருக்க வேண்டும். போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தார்.

"இருக்கேன், இருக்கேன்... ஆமாம். திரும்பிட்டா... இடது பக்கம்தான்... ஆமாம்யா, வலது கையைத் தள்ளித்தான், நானும் கண்ணு தெரியுற மனுஷன்தான்... சுத்தி இந்தப் பக்கமா வர்றா. நிறுத்திட்டா. காலைக் கீழ வைக்கலை... என்னைப் பாக்குறா. கட்டை விரலால பின்சீட்டைக் காட்டுறா... என்னைத்தான்! ... சிரிக்காதேடா... என்னது, இனிமே மக வண்டியை விக்கச் சொல்ல மாட்டாளா? ஓட்டுறது யாருன்னு கேட்டா நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு... இல்லை. இல்லவே இல்லை. ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. என்னமோ பண்ணியிருக்க நீ. என் கைக்கு ஒரு மாதிரி, அவ கைக்கு ஒரு மாதிரி போகுது. எப்படின்னு தெரியலை. கண்டுபிடிக்காம விடமாட்டேன். வை போனை!"

அவரே வைத்தார். கைத்தடியை எடுத்துக்கொண்டு, வண்டியைச் சுற்றிப் போய்த் தெருவில் இறங்கி நடந்தார். பின்னால் ஹாரன் ஒரு தடவை அடித்தது. பிறகு வண்டி, அவர் நடைக்கு நடை, பக்கத்திலேயே உருண்டு வந்தது. அவர் வேலிப் பக்கமே பார்த்துக்கொண்டு நடந்தார்.