கழற்றி வைத்த பின் சீட்

பங்குனி, சித்திரையில் எங்கள் பக்கம் உளுந்துச் செடியைத் தார் ரோட்டில் பரப்பிவைப்போம். போகிற பஸ்ஸும் காரும் ஏறி மிதிக்க மிதிக்க நெற்று உடைந்து உளுந்து உதிரும். ஆள் கூலி மிச்சம். உங்கள் ஜீப்பும் அதன்மேல்தான் போகிறது இன்ஸ்பெக்டர் மேடம், அதனால் அதை ஒரு குற்றமாகச் சேர்க்க வேண்டாம். மற்றதை நானே எழுதித் தருகிறேன். உங்கள் ஏட்டு எழுதிய தாளில் நான் காதல் தோல்வியால் செய்ததாக இருந்தது. பொய். அடித்துவிட்டேன்.

என் பெயர் ஜெயபாரதி. ஊர் குடவாசல் பக்கம். அப்பா ரெங்கசாமி குத்தகை விவசாயி, அம்மா நடவுக்குப் போகிறவள். எங்கள் வீட்டில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள் நான். ஆட்டோமொபைல் இன்ஜினியரிங் படித்தேன், தஞ்சாவூரில் ஒரு கார் சர்வீஸ் சென்டரில் வேலை. வண்டி விட வருகிறவர்கள், "மெக்கானிக் யாரும் இல்லையாம்மா?" என்று கேட்பார்கள். நான்தான் என்றால் எனக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். ஊரிலும் கிரீஸ் கையோடு பஸ்ஸிலிருந்து இறங்குகிற பெண்ணிடம் பேச யாருக்கும் ஒன்றும் இருப்பதில்லை. கூடப் படித்தவர்கள் குழந்தை போட்டோ அனுப்புகிறார்கள். பதிலுக்கு நான் எதை அனுப்புவது, கிளட்ச் பிளேட்டையா?

சேரன் ஒருவன்தான் பேசினான். அப்பா குத்தகைக்கு எடுத்திருப்பது அவர்கள் வீட்டு நிலம். ஆனால் அவன் என்னிடம் நிலத்தைப் பற்றிப் பேசியதே இல்லை. கார்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பைபாஸ் டீக்கடையில் அவன், அவன் சிநேகிதன் ராம்கி, நான், மூன்று பேரும் உட்காருவோம். சென்னையில் கார் கண்காட்சி வருகிறது, ஸ்டீயரிங்கே இல்லாத மாதிரிக் கார் ஒன்றை அங்கேதான் முதன்முதலில் திரை விலக்கிக் காட்டப்போகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருஷம் காத்திருந்தோம். கம்பெனி வெளியிட்ட படத்தில் இருட்டுக்குள் ஒரு விளக்கும் ஒரு வளைவும்தான் தெரியும். அதை வைத்துக்கொண்டு மீதிக் காரை நான் வடை மடித்த பேப்பரில் வரைவேன்.

"ஸ்டீயரிங் இல்லன்னா பூவ எங்க சுத்துறது, இன்ஜினியரம்மா?" என்பான் ராம்கி.

"உன் கழுத்துல சுத்துறேன்."

சேரன் டீ சிந்தச் சிரிப்பான். அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக மற்ற ஆறு நாளையும் ஓட்டினேன் என்று சொன்னால் நீங்களும் ஏட்டு மாதிரியே எழுதிக்கொள்வீர்கள். பரவாயில்லை.

டிக்கெட் மூன்றையும் நான்தான் போட்டேன், என் போனில். சேரன் கார். முன்னால் அவர்கள் இரண்டு பேர், பின் சீட் எனக்கு. லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. புதுச் சுடிதாரும் தைத்தாயிற்று.

கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது வண்டியை என்னிடம் செக்கப்புக்குக் கொண்டுவந்தான். அழகுக்காக ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்திய வண்டி. தரைக்கும் அதற்கும் நாலு விரல்தான் இடைவெளி.

"அப்படியே பின் சீட்டக் கழட்டிடு ஜெயா. கேமரா, ட்ரோன், லைட்டு எல்லாம் வைக்கணும்."

"நான் எங்க உக்காருறது?"

சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றான். "பொண்ணக் கூட்டிக்கிட்டுப் போய் லாட்ஜுல தங்குறதெல்லாம் சரியா வராதுன்னு ராம்கி சொல்றான். எங்கப்பா காதுக்குப் போனா ஒங்கப்பாவுக்குத்தான கஷ்டம்? கோச்சுக்காத. அங்கேருந்து வீடியோ கால் போட்டு ஒண்ணொண்ணா காட்டுறேன்."

வேறு ஆளிடம் கொடுத்திருக்கலாம். என்னையே கழற்றச் சொன்னான். நாலு போல்ட், பத்து நிமிஷ வேலை. சீட் இன்னும் சர்வீஸ் சென்டர் பின்பக்கம் சுவரில் சாய்ந்துதான் இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அவன்மேல் கோபம் இல்லை. நான் பார்க்காததை அவனும் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான். வண்டி வழியில் நின்றால் போதும் என்று நினைத்தேன். கும்பகோணம் ரோட்டில் பாலம் வேலை நடக்கிறது, எங்கள் ஊர் வாய்க்கால் ரோட்டில் வந்துவிடு என்றேன். பாலம் வேலை எதுவும் நடக்கவில்லை.

வெள்ளிக்கிழமை. ராகுகாலம் கழித்துப் பன்னிரண்டு மணிக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. அப்பா உளுந்தைப் பரப்பிவிட்டுச் சாப்பிடப் போனார், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அனுப்பினேன். வழக்கமாக ஒரு சாண் கனம்தான் பரப்புவோம். அவர் தலை மறைந்ததும் ஓரத்துச் செடியை எல்லாம் கவைக்கம்பால் நடுவுக்குத் தள்ளினேன். முழங்கால் உயரம் வந்தது. வெயிலில் அப்பளம் மாதிரி நொறுங்கியது.

இதில் ஒரு முறை இருக்கிறது மேடம். கார் செடியைத் தாண்டியதும் கடைசியில் நிற்கிற ஆள் கை காட்டி நிறுத்துவார். அடியில் குனிந்து, சுற்றிக்கொண்டதைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் அனுப்புவார். இல்லையென்றால் சூட்டில் பற்றிக்கொள்ளும். இது இங்கே பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும். சேரன் வண்டி செடியைத் தாண்டியபோது நான் கை காட்டவில்லை. அவனே நிறுத்திக் கண்ணாடியை இறக்கினான்.

"லீவு போட்டுட்டு உளுந்தா அடிக்கிற?" என்று சிரித்தான். ராம்கி போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அடியில மாட்டியிருக்கா பாரேன்," என்றான் சேரன்.

குனிந்து பார்த்தேன். முன் அச்சிலிருந்து பின் டயர் வரை செடி அடைந்திருந்தது. சைலன்சருக்கு முன்னால் கன்வர்ட்டர் என்று ஒன்று இருக்கும், அடுப்பு மாதிரிக் கொதிக்கும். அதன் பக்கத்தில் நூல் போல ஒரு புகை. ஒரு செம்புத் தண்ணீர் போதும். என் காலடியில் ஒரு குடம் இருந்தது.

"ஒண்ணும் இல்ல. கெளம்பு," என்றேன்.

வேறு யார் சொல்லியிருந்தாலும் இறங்கிப் பார்த்திருப்பான். வண்டி விஷயத்தில் என் பேச்சை அவன் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

இரண்டு கிலோமீட்டர் தாண்டி மதகுக்குப் பக்கத்தில் எரிந்தது. ராம்கி காய்ந்த வாய்க்காலில் குதித்துக் கையை முறித்துக்கொண்டான். சேரனும் இறங்கிவிட்டான். கேமராவை எடுக்க மறுபடி உள்ளே போயிருக்கிறான். சீட்டும் விரிப்பும் இல்லாத வெறும் தகடு வழியாகத் தீ மேலே ஏறியதாம். நான் உட்கார்ந்திருக்க வேண்டிய இடம். சாயங்காலம் ஆஸ்பத்திரியில் இறந்தான்.

கன்வர்ட்டருக்குக் கீழே இருக்க வேண்டிய தகடு எங்கே என்று கேட்டீர்கள். காய்ந்த புல் பட்டாலும் பற்றாமல் இருக்கவே கம்பெனி அதை வைக்கிறது. சீட்டைக் கழற்றிய கையோடு அதையும் கழற்றினேன். அதன் மூன்று போல்ட்டும் என் டிபன் பையில் இருக்கின்றன. வண்டி நிற்க வேண்டும் என்றால் பேட்டரி வயரைத் தளர்த்தினால் போதாதா என்று ஏட்டு கேட்டார். நல்ல கேள்வி. எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் அவனை எடுக்கும்போது நான் ஊரில் இல்லை. விடிகாலை பஸ்ஸில் சென்னைக்குப் போய்விட்டேன். மூன்று டிக்கெட் இருந்தன, ஒன்றைக் காட்டி நுழைந்தேன். அத்தனை கூட்டத்திலும் எல்லோரும் யாரோடாவது வந்திருந்தார்கள். திரை விலகியபோது எல்லோரும் பக்கத்து ஆளின் தோளைப் பிடித்துக்கொண்டு கத்தினார்கள். விளக்கும் வளைவும் நான் வரைந்தபடியே இருந்தன. பின்பக்கம் மட்டும் கொஞ்சம் நீளம், அதில் சேரன் சொன்னதுதான் சரி.

அதைச் சொல்லலாம் என்று வீடியோ கால் போட்டேன். ஒன்றொன்றாகக் காட்டலாம் என்று அங்கிருந்தே நாலு தடவை போட்டேன். எடுக்கவில்லை. இரண்டு வருஷத்தில் நான் அவனை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை மேடம். என்மேல் அவனுக்கு அப்படி என்ன கோபம்?