மாரிக்கண்ணன் அளந்தது சரி

"ஹலோ... ஹலோ, மாரி? வச்சிராத, வச்சிராத! நான் செல்வி அக்கா... ஆமா, அம்மா நம்பருதான். என் நம்பர்ல கூப்பிட்டா நீ எடுக்கமாட்டேங்க, அதான்... ரெண்டு நிமிசம். ரெண்டே நிமிசம் லே."

அன்று காலையில் திருவேங்கடம் ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, கண்டக்டர் வருவதற்குள் இறங்கி வீட்டுக்கு ஓடி வந்துவிட்டவள் இசக்கிசெல்வி. மாரிக்கண்ணன் இப்போது அங்கேதான் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் இருக்கிறான். நேரில் போய் நிற்க முகம் வேண்டுமே! அதனால்தான், லீவில் வந்திருந்த சங்கரன்கோவில் வீட்டில் மாடி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனைக் கையில் எடுத்தாள்.

"கடையில ஆள் நிக்காங்களா?... சரி சரி, பாத்து அனுப்பிட்டு வா. நான் லைன்லயே இருக்கேன்... ம்... ம்... இல்ல, டிஸ்பிளே மாத்த கூப்பிடல. கிண்டல் பண்ணு, உனக்கு இல்லாத உரிமையா... மேடம்னு சொல்லாதலே. ஏசு, வாங்கிக்கிடுதேன். மேடம் மட்டும் வேண்டாம்... மாரி, நீ அளந்தது சரி... ஆமா, அந்தப் போர்டுதான். நீ அளந்தது சரி. என் கணக்குதான் தப்பு... ஹலோ? இருக்கியா?"

ஐந்து மாதம் முன்பு வரை இருவரும் ஒரே பெங்களூர் கம்பெனி. சர்க்யூட் போர்டில் ஒரு சிப்பிலிருந்து இன்னொரு சிப்புக்குச் சிக்னல் ஒழுங்காகப் போய்ச் சேருமா என்று, போர்டு செய்வதற்கு முன்பே கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பது இவள் வேலை. செய்த பிறகு லேபில் வைத்து அளப்பது அவன் வேலை. நம்ம பக்கத்துப் பனவடலிசத்திரத்துக்காரன், கெட்டிக்காரன் என்று சொல்லி அவனை உள்ளே சேர்த்ததும் இவள்தான். சிக்னல் நன்றாக இருந்தால் திரையில் திறந்த கண் மாதிரி ஒரு படம் விழும். இவள் ஓட்டியதில் கண் அகலத் திறந்திருந்தது. அவன் அளந்ததில் பாதி மூடிக் கிடந்தது. மேனேஜர் சங்கரசுப்பிரமணியனோடு சேர்த்து ஒன்பது பேர் இருந்த மீட்டிங்கில், அளவெடுத்ததுதான் தப்பு என்று இவள் அடித்துச் சொன்னாள். அதோடு அவன் வேலை போயிற்று.

"எப்படின்னா கேக்க?... சொல்லுதேன். இந்தக் கணக்குக்குன்னு இருக்க ஸ்டாண்டர்டு புத்தகத்துல ரெண்டு வழி போட்டிருக்குல்லா? ஒண்ணு, போர்டு வயரையும், அனுப்புத சிப்பு சிக்னலுக்குக் குடுக்க பூஸ்டையும் கலந்து மொத்தமா கணக்குப் போடுதது. இன்னொண்ணு, பிட்டு பிட்டா ஓட்டிப் பாக்கது... ஆமா, ஆமா. பிட்டு பிட்டா ஓட்டும்போது சிப்பு மாடலே பூஸ்டப் போட்டுக்கிடும். அதுக்கு வெறும் வயரத்தான் குடுக்கணும். நான், மொத வழியில கலந்து வந்தத அப்படியே தூக்கி ரெண்டாவதுல குடுத்துட்டேன்... அதேதான். பூஸ்டு ரெண்டு தடவ விழுந்துட்டு, அதான் என் படத்துல கண்ணு அகலமாத் தெரிஞ்சுது. பந்தியில ஒரே ஆள ரெண்டு தடவ எண்ணுன மாதிரி... இல்ல, புத்தகத்துல தெளிவாத்தான் இருக்கு. நான்தான் பழைய பதிப்புல பாத்த படத்த மனசுல வச்சுக்கிட்டு, புதுச படிக்காமலே எல்லாம் தெரியும்னு கம்ப்யூட்டர்ல ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டிட்டேன்... எப்ப தெரிஞ்சுதா? நேத்து... இல்ல, இரு. பொய் சொல்லக் கூடாது. போன செவ்வாக்கிழம தெரிஞ்சுது. எட்டு நாளா சோறு எறங்கல... ஆமா. உனக்கு அஞ்சு மாசம். ஆமா மாரி."

பாவி, எட்டு நாளைப் போய் அவனிடம் சொன்னாளே! சொன்ன வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

"கோயம்புத்தூர் இண்டர்வியூ என்னாச்சு?... அந்தத் தாளயா கேட்டாங்க? 'கவனக்குறைவு என்னுடையது'ன்னு நீ எழுதிக் குடுத்தத?... ஐயோ... ஞாபகம் இருக்கு. நான்தான் சொன்னேன். கையெழுத்துப் போட்டுரு, மத்தத அக்கா பாத்துக்கிடுதேன்னு... என்னத்தப் பாத்தேன். ஒண்ணும் பாக்கல... சார்கிட்டயா? சங்கரசுப்பிரமணியன் சார்கிட்ட இன்னும் சொல்லல. மொதல்ல உன்கிட்ட... இல்ல, நீ மன்னிச்சுட்டன்னா பெறவு தைரியமா சொல்லிரலாம்னு... ஆமா. என் பாரத்த எறக்கி வைக்கத்தான் கூப்பிட்டேன். சரியாத்தான் சொல்லுத."

சாருக்கு மெயில் எழுதாமல் இல்லை. எழுதி எட்டு நாளாகக் கிடப்பில் கிடக்கிறது. லேப்டாப்பைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எழுதி வச்சிருக்கேன். வாசிக்கட்டா?... 'மென்பொருள் செட்டிங்கில் ஏற்பட்ட குழப்பத்தால்...' ஏன் சிரிக்க?... இல்ல. மென்பொருள் மேல ஒரு தப்பும் கிடையாது... சரி, அழிச்சிட்டேன். 'நான் ஸ்டாண்டர்டைத் தப்பாகப் புரிந்துகொண்டேன். மாரிக்கண்ணன் எடுத்த அளவு சரி. அவர் எழுதிக் கொடுத்த கடிதம் என் வற்புறுத்தலால் எழுதியது. அதை அவர் ஃபைலிலிருந்து எடுக்க வேண்டும்.' போதுமா?... சாருக்கு மட்டும்தான் போட்டிருக்கேன்... ஒம்பது பேருக்குமா?... சரி. இல்ல, தயங்கல. ஒம்பது பேரு முன்னாடிதான சொன்னேன், ஒம்பது பேருக்கும் போகட்டும்... என் வேலையா? போனா போகட்டும் லே... போட்டுட்டேன். அனுப்பிட்டேன் மாரி. உனக்கும் போட்டிருக்கேன், பாரு... வந்துட்டா?... ம்... ம்... என்ன கேட்ட?"

கேள்வி காதில் விழாமல் இல்லை. ஆமா என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. யார் போய் விசாரிக்கப் போகிறார்கள்? நாக்கு நுனி வரைக்கும் அந்த ஆமா வந்துவிட்டது.

"இல்ல மாரி... பாக்கல. நீ அனுப்புன அளவ மீட்டிங்குக்கு முன்னாடி நான் தொறந்துகூடப் பாக்கல... பெறவும் பாக்கல. நீ போன பெறவும் பாக்கல. என் படம் நல்லாருக்கே, பெறவு என்னத்துக்குன்னு... செவ்வாக்கிழமதான் மொத மொதலாத் தொறந்தேன்... ஹலோ?... மாரி?"

அவன் போனை வைத்துவிட்டிருந்தான்.