மூன்றாம் மாடியிலிருந்து நீலம்

— வந்துச்சா?

— இன்னும் வரலக்கா. தொட்டி மூடியைத் திறந்து வச்சுட்டு குனிஞ்சே நிக்கறேன். இடுப்பு போச்சு.

— மேல வடிகுழாய்ல வாளி நிறைய நீலம் கரைச்சு ஊத்தியிருக்கேன்டா. மூணு மாடி இறங்கி வரணும்ல...

— வரட்டும், வரட்டும். கட்டடத்தை வாங்க வந்தவர் வாசல் கேட் பக்கத்துல நிக்கறாரு. தண்ணி வரலன்னா அவருக்கு வித்து, இடிக்கக் கையெழுத்து. நீ சொன்ன வார்த்தை.

— ஞாபகப்படுத்தாதே.

— ஆபீஸ் காலியான மாடியில மாதிரிக்கு ஒரு வீடே கட்டிட்டா எங்கக்கா. அந்த வீட்டுக் கழிவுத்தண்ணி இறங்கற குழாய் வேலை செய்யலன்னா, புதுசா இறக்கறதுக்குக் கீழ இருக்கற கடையெல்லாம் உடைக்கணும். கட்டுப்படியாகுமா?

— அதுக்குத்தானே கட்டடம் கட்டறப்பவே தூணுக்குத் தூண் ஒரு குழாய் இறக்கி வச்சேன்.

— யாருமே தொடாத குழாய். 'இவ படிச்ச படிப்பு பூரா சுவத்துக்குள்ள போயிடுச்சு'ன்னாரே அப்பா.

— நீயும்தான் கூடச் சேர்ந்து சிரிச்சே. பாரமெல்லாம் தூண்லடா. சுவத்தை எடுத்தப்போ கீழ தையல்காரம்மா மெஷினை நிறுத்தினாங்களா?

— எங்க நிறுத்தினாங்க... ஆணி அடிக்கறீங்கன்னு நினைச்சாங்களாம்.

— இன்னைக்கு வீடு. நாளைக்குப் பள்ளிக்கூடமாகலாம். அப்புறம் நமக்குத் தெரியாத என்னவோ ஒண்ணு... எதுக்கும் இடிக்க வேண்டாம். வந்துச்சா?

— வரல.

— இரு, இன்னொரு வாளி ஊத்தறேன்... இப்போ?

— இப்பவும் வரலக்கா. போனை வச்சுடாதே.

— எங்கேயோ அடைச்சிருக்கு. இத்தனை வருஷம் சும்மா கிடந்ததுல... சரி. அவரை உள்ள வரச் சொல்லு.

— இரு, அவசரப்படாதே. தொட்டியில காஞ்ச இலையா கிடக்கு, அதை ஒதுக்கிப் பார்க்கறேன்...

— இலையா? நீ எங்கடா நிக்கறே?

— மாடிப்படிக்குப் பின்னாடி.

— மடையா, அது மழைத்தண்ணித் தொட்டி. தையல் கடைக்குப் பின்னால போ.

— நீ சொல்லவே இல்லையே... போறேன். தையல்காரம்மா, கொஞ்சம் வழி விடுங்க... இந்த மூடி என்ன இந்தக் கனம் கனக்குது...

— என்னடா?

— நீலம்.

— என்ன?

— தொட்டி பூரா நீலம்க்கா. வானத்தைக் கொண்டாந்து கவுத்த மாதிரி... இன்னும் வந்துட்டே இருக்கு.

— சத்தியமா?

— தையல்காரம்மா ஊசியோட ஓடி வந்து பார்க்கறாங்க. வாங்க வந்தவரும் எட்டிப் பார்த்தாரு. காரை எடுத்துட்டுக் கிளம்பிட்டாரு.

— நான் இங்க தரையில உக்காந்துட்டேன்டா...

— அழறியா?

— சிரிக்கறேன், போடா. தோத்துட்டே. வித்தா வர்ற உன் பங்குப் பணம் போச்சேன்னு வருத்தமா?

— தெருப்பக்க ஜன்னல்ல எட்டிப் பாரு.

— ஏதோ வண்டி நிக்குது. கட்டில், பீரோ... முன்னாடி உக்காந்திருக்கறது உன் பொண்டாட்டிதானே?

— வாடகை வீட்டைக் காலையிலேயே காலி பண்ணிட்டோம். தண்ணி வரும்னு எனக்குத் தெரியும்... சொன்னா உனக்குக் கொழுப்பு ஏறிடும்னு சொல்லல. அக்கா... அந்த முதல் வீட்டை எங்களுக்குக் கொடுப்பியா?