நீலப் பாட்டு

சுவிஸில், வின்டர்தூரிலிருந்து ஷாஃப்ஹவுசன் போகும் ரயிலில், கிற்றார்ப் பெட்டியை அணைத்தபடி இருந்தவரை அவர் மனைவி மெல்லிய குரலில் ஏசிக்கொண்டு வந்தார்.

"ப்ளூஸ் எண்ட இசையை நீலப் பாட்டு எண்டு நோட்டீஸ் அடிச்சு, கோயில் வாசலிலையும் ஒட்டியிருக்கிறியள். நீலப்படம் எண்டால் என்னெண்டு தெரியாதோ?"

"சத்தியமா யோசிக்கேல்லையப்பா. இவ்வளவு காலமும் பாண்ட் வைச்சு வெள்ளையளுக்குத்தானே பாடினன். எங்கடை சனமும் ஒருக்கால் கேக்கட்டும் எண்டுதான்."

"சனமோ? இண்டைக்குக் கச்சேரிக்கு ஆம்பிளையள் மட்டும் வருகினமாம், மனிசிமாருக்குச் சொல்லாமல். எனக்கு வெக்கமாக் கிடக்கு."



"நீராவது முன்வரிசையிலை வந்து இரும்."

"அங்கை நான் ஒருத்திதான் பொம்பிளையா இருப்பன்."

"ஓம். உம்மைக் கண்டாலாவது இது மரியாதையான பாட்டெண்டு அவைக்கு விளங்கும்."

"சரி, வாறன். விளங்கி எல்லாரும் எழும்பிப் போனால் என்னை ஏசக் கூடாது."